எழுபத்தைந்து ஓம்

எனக்குக் கோபம் வந்தால் கடிதம் எழுதுவேன். வாயால் ஏசத் தெரியாது என்றில்லை. வெள்ளவத்தையில் நான் வாடகைக்கு இருந்த அனெக்ஸின் சொந்தக்காரரைக் கேட்டால் சொல்வார். ஆனால் அலுவலகக் கோபம் எனக்குக் கடிதத்தில்தான் தணியும். தட்டச்சு செய்து, கீழே கையெழுத்தை இழுத்து, உறையை ஒட்டிவிட்டால் அன்று நிம்மதியாகச் சாப்பிடுவேன்.

யுத்த காலத்தில் ஒரு நாள் சென்னையிலிருந்த ஒரு மென்பொருள் முகவருக்கு அப்படி ஒரு கடிதம் எழுதினேன். உங்கள் மென்பொருள் எங்கள் பரீட்சையில் தேறவில்லை, இனித் தொடர்புகொள்ள வேண்டாம் என்பது அதன் சாரம். அந்தக் கடிதம் போகாமல் தடுத்தவர் எங்கள் டெக்னீஷியன். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று கனகாலமாக நினைத்திருக்கிறேன். மென்பொருளையும் கூடவே இழுத்துக்கொண்டுதான் வரவேண்டும், இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

கொட்டாஞ்சேனையில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேலே எங்கள் நிறுவனம் இருந்தது. நிறுவனம் என்று சொன்னால் பெரிதாகக் கேட்கும். முதலாளி, நான், டெக்னீஷியன், கம்பி வளைத்து ஒட்டுகிற இரண்டு பேர், அவ்வளவுதான். அன்டெனா செய்தோம். ஒருகொடவத்தைக் கொள்கலன் முற்றங்களில் பேசுகிற வயர்லெஸ்களுக்கும், மட்டக்குளியிலிருந்து கடலுக்குப் போகிற படகுகளுக்கும். வரைவது என் வேலை. டெக்னீஷியன் செய்து, ஏற்றி, அளப்பார்.

அன்டெனா வேலை பொறுமை பிடித்த வேலை. கணக்குப்படி கம்பியை வெட்டலாம், ஆனால் பக்கத்திலிருக்கும் இரும்புத் தூண் கணக்குக்குத் தெரியாது, படகின் தகரக் கூரை தெரியாது. அதனால் ஏற்றி, அளந்து, இறக்கி, அரை அங்குலம் வெட்டி, மறுபடி ஏற்ற வேண்டும். ஒரு புது அன்டெனா சரியாக வர எட்டு, ஒன்பது தடவை மொட்டை மாடிக்கு ஏற வேண்டியிருக்கும். வேறு ஊரென்றால் முழங்கால் நோகும், அதோடு போயிற்று. எங்கள் ஊரில் ஒரு தமிழன் கூரையில் நின்று நீட்டுக் கம்பியைத் துறைமுகப் பக்கமாகத் திருப்பினால் என்ன நடக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

நடந்தது. அயலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பொலீஸ் வந்தபோது டெக்னீஷியன் கேபிளும் கையுமாக நின்றார். அனுமதிக் கடிதம் கீழே என் மேசை லாச்சியில் இருந்தது. அதை நான் எடுத்துக்கொண்டு படியேறுவதற்குள் அவரை மறுபக்கப் படியால் இறக்கிக் கொண்டுபோய்விட்டார்கள். அடையாள அட்டையில் பதுளைப் பக்கத்துத் தோட்ட விலாசம், இருப்பது மட்டக்குளித் தொடர்மாடியில். அந்த இரண்டையும் பொருத்திப் பார்க்க அவர்களுக்கு இரண்டு நாள் தேவைப்பட்டது. முதலாளி சிங்களவர், கடிதங்களைத் தூக்கிக்கொண்டு அந்த இரண்டு நாளும் பொலீஸ் நிலைய வாங்குப் பலகையிலேயே இருந்து கூட்டிக்கொண்டு வந்தார்.

வந்தவர் முகத்தைக் கழுவிவிட்டு என் மேசைக்கு வந்தார்.

"மிஸ், அந்தக் கடசி ரீடிங் எடுக்காமலே வந்துட்டேன். இன்னிக்கி எடுத்துரவா?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இவருக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது போலிருக்கிறது என்று அன்று முடிவுகட்டினேன். அதற்குப் பிறகு அவரைப் பற்றி யாரிடம் பேசினாலும் அதையே பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

ஆனால் அவரை இனிக் கூரைக்கு அனுப்புவதில்லை என்றும் அன்றே நினைத்துக்கொண்டேன். வெளிநாடுகளில் அன்டெனாவைக் கணினிக்குள்ளேயே செய்து பார்க்கிறார்கள் என்று வாசித்திருந்தேன். கம்பியையும் தூணையும் தகரத்தையும் திரையில் வரைந்தால், மின்காந்த அலை எப்படிப் போகும் என்று அதுவே கணித்துச் சொல்லும். அரை அங்குலம் வெட்டுவதெல்லாம் திரையிலேயே முடிந்துவிடும். கடைசியாக ஒரே ஒரு தடவை ஏறிச் சரிபார்த்தால் போதும். முதலாளியிடம் போய் நின்றேன். அவர் யோசித்து, ஆங்கிலத்தில் பாதியும் சிங்களத்தில் பாதியுமாகத் தீர்ப்புச் சொன்னார். மாத முடிவுக்குள் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும், படகு அன்டெனா வேலை அப்போது தொடங்கும். எது வாங்கினாலும் நாங்கள் ஏற்கெனவே அளந்து வைத்த ஒன்றை அது சரியாகச் சொல்லிக் காட்ட வேண்டும். சொல்லாவிட்டால் பழைய முறைதான். பழைய முறை என்றால் டெக்னீஷியன் மறுபடி கூரையில்.

பரீட்சை எப்படி வைப்பது என்ற யோசனை டெக்னீஷியனுடையது. ஒருகொடவத்தை முற்றமொன்றுக்குச் செய்த அன்டெனா ஒன்று எங்களிடம் இருந்தது. தகரத் தட்டில் நிற்கிற ஒரு கம்பி, கீழ்நோக்கிச் சரிந்த நாலு கம்பி, பக்கத்தில் இரும்புத் தூண். அதை அவர் அங்குலம் அங்குலமாக அளந்து வைத்திருந்தார்.

"அளவ மட்டும் குடுப்போம் மிஸ். நாம எடுத்த ரீடிங்க குடுக்க வேணாம். விடை தெரிஞ்சா எல்லாருந்தான் பாஸாவாங்க."

எனக்கு அது தோன்றவில்லை. நானென்றால் எங்கள் வரைபடத்தையும் சேர்த்தே அனுப்பியிருப்பேன், விற்கிறவர்கள் அதைப் பார்த்து அழகாக ஒத்த வரைபடத்தை அனுப்பியிருப்பார்கள்.

போட்டியில் மூன்று நின்றன. முதலாவது, பல்கலைக்கழகங்களில் சும்மா கிடைத்தது. படமும் இல்லை, கிடமும் இல்லை, எண்களை நிரல் நிரலாகத் தட்ட வேண்டும், ஒரு இடைவெளி பிழைத்தால் கோபித்துக்கொண்டு நின்றுவிடும். எனக்கும் அதற்கும் ஒரே குணம் என்று டெக்னீஷியன் சிரிக்காமல் சொன்னார். கம்பிகளுக்கு அது கெட்டிக்காரன். ஆனால் தகரத் தட்டு அதற்கு விளங்காது, தட்டையும் கம்பி வலையாகப் பின்னிக் காட்ட வேண்டும். பின்னினேன். அதிர்வெண் தள்ளிப்போய் நின்றது.

இரண்டாவது மேல்நாட்டுச் சரக்கு. அதன் விற்பனையாளர் ஹோட்டல் அறையொன்றில் மடிக்கணினியை விரித்துக் காட்டினார். சத்தியமாகச் சொல்கிறேன், நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அலை அன்டெனாவைச் சுற்றி நிறம் நிறமாகப் பொங்கி, நடுவில் ஓட்டையோடு திரையில் திரண்டு வந்தது. இத்தனை வருடம் கண்ணால் காணாத ஒன்றைக் கட்டியிருக்கிறோம், அதன் உருவம் இதுதானா என்று திரைக்கு இன்னும் கிட்டப் போனேன். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "உழுந்து வடே" என்றார். உண்மைதான், அச்சு அசல் உழுந்து வடை. அந்த மென்பொருள் இடத்தையெல்லாம் சின்னச் சின்னப் பெட்டிகளாக வெட்டிக் கணிக்கிறது. மத்தியானமாகியும் முடியாததால் விற்பனையாளர் பெட்டிகளைப் பெரிதாக்கினார். பெட்டி பெரிதானதும் எங்கள் மெல்லிய கம்பி அதன் கண்ணுக்குத் தடித்த தூணாகிவிட்டது. விடை பிழைத்தது. சிறிய பெட்டி வேண்டுமென்றால் எங்கள் கணினியைப் போல நாலு வேண்டும்.

மூன்றாவதுதான் சென்னை. உலோகத்தின் மேற்பரப்பை மட்டும் முக்கோணங்களாக வெட்டிக் கணிக்கிறது, எங்கள் கணினியிலேயே ஓடும் என்றார்கள். அளவுகளை ஃபாக்ஸில் அனுப்பினேன். தாள் சரியாக விழவில்லை என்று அங்கிருந்து ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, ஒவ்வொன்றாக வாசித்துச் சரிபார்த்தார். லைனில் என் குரலே எனக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அவர் வேகமாக வாசித்தார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கிழமையில் அவர்களுடைய விடை ஃபாக்ஸில் வந்தது. எந்த அளவுகளை வைத்துக் கணித்தார்கள் என்று சொல்லும் மேல்வரி மை பரவி வாசிக்க முடியாமல் இருந்தது.

அன்டெனாவின் வரைபடம் ஒரு பள்ளம் போல இருக்கும். பள்ளம் எந்த இடத்தில் இருக்கிறதோ அதுதான் அது வேலை செய்யும் அதிர்வெண். பள்ளம் எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்கு நல்லது. சென்னையின் பள்ளம் எங்கள் பள்ளத்தின் பாதி ஆழம்கூட இல்லை. மாத முடிவுக்கு நாலு நாள் இருந்தது. மூன்றும் போயிற்று, இனி அவர் மறுபடி கூரைக்குத்தான் என்று நினைத்ததும் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. முதலாளியிடம் தோல்வியைச் சொன்னேன். என் இடத்துக்கு வந்து, சென்னைக்காரர் படித்த பட்டத்தையும் சந்தேகித்து அந்தக் கடிதத்தை எழுதி, ஒட்டினேன்.

உறையைத் தபாலுக்குக் கொண்டுபோகச் சொல்லி டெக்னீஷியனிடம் கொடுத்தேன். அவர் வாங்கினார், போகவில்லை. ஃபாக்ஸ் தாளையும் எங்கள் தாளையும் ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"எடம் சரியா இருக்கே மிஸ்."

"ஆழம் பிழை. பாதியும் இல்லை. பிறகென்ன?"

"எடத்தக் கண்டுபுடிக்கிறதுதான் கஷ்டம். தூண் தெரியணும், தட்டு தெரியணும். மத்த ரெண்டும் அங்கதான் தோத்துச்சு. இது அதச் சரியாச் சொல்லிட்டு ஆழத்துல போயி தப்புப் பண்ணுமா?" தாள்களைக் கண்ணாடியிலிருந்து எடுத்தார். "அன்னிக்கி போன்ல கேபிள் பத்தி என்ன கேட்டாரு?"

"எல்லாம் வாசிச்சவர். நான் ஓம், ஓம் எண்டு கேட்டுக்கொண்டிருந்தனான்."

அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. சிரிப்பை அடக்குகிறவர் அப்படித்தான் பார்ப்பார்.

"மிஸ், நான் மொதல்ல இங்க வேலைக்கி வந்தப்ப ஒரு கேபிளக் காட்டி, இது அம்பதா எழுபத்தஞ்சான்னு உங்ககிட்ட கேட்டேன். நீங்க ஏதோ எழுதிக்கிட்டே 'ஓம், ஓம்'னீங்க. ஆமாங்கிறீங்களா, அளவச் சொல்றீங்களா, ஒண்ணும் வெளங்கல. நானே அளந்து பாத்துக்கிட்டேன். அந்த சென்னைக்காரரு எங்க ஆளுங்க மாதிரி 'ஆமா'ன்னு சொல்ற ஆளு. எழுபத்தஞ்சுன்னு அவரு கேட்டு, நீங்க 'ஓம்'னு சொல்லிருந்தா, எழுபத்தஞ்சு ஓம்னு எழுதிக்கிட்டிருப்பாரு."

யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் இது தோன்றாது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். எங்களுக்கு 'ஓம்' என்றால் சம்மதம். சம்மதமில்லாத இடத்திலும், கேட்டுக்கொண்டிருக்கிறேன், நீ சொல்லு என்பதற்கும் அதே 'ஓம்'தான். மின் தடையின் அளவுக்கும் அதே பெயர். கேபிளில் இரண்டு சாதி: தொலைக்காட்சிக்கு எழுபத்தைந்து ஓம், எங்கள் வயர்லெஸுக்கு ஐம்பது ஓம். தவறான கேபிளை வைத்துக் கணித்தால் பள்ளம் இடம் மாறாது, ஆழம்தான் குறையும்.

நான் மலைத்துப்போய் இருக்க, அவர் வட்டங்கள் நிறைந்த வரைபடத்தாள் ஒன்றை எடுத்தார். அன்டெனாவின் தடையைப் புள்ளிகளாகக் குறிக்க எங்கள் தொழிலில் எல்லோரிடமும் இருப்பது அது, சென்னைக்காரரும் பள்ளத்தோடு அப்படி ஒரு தாளைச் சேர்த்து அனுப்பியிருந்தார். சென்னைத் தாளின் ஒவ்வொரு புள்ளியையும் வாசித்து, எழுபத்தைந்தால் பெருக்கி, ஐம்பதால் வகுத்து, புதுத் தாளில் குத்திக்கொண்டு போனார். கணக்கியந்திரம் என்னிடம் இருந்தது, அவர் கேட்கவில்லை. பென்சிலைக் காதில் செருகுவதும் எடுப்பதுமாக, மிச்சமிருந்த பின்னேரம் முழுக்க அந்த வேலை. பத்தாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை விட்டவர். நான் படித்த படிப்பையெல்லாம் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு புள்ளியும் அவசரப்படவில்லை. பள்ளத்தின் அடிப்புள்ளி அவர்களுடைய தாளில் 0.67 இல் நின்றது. பெருக்கினால் ஐம்பது, வகுத்தால் ஒன்று. பொருத்தம் சரியென்றால் விழ வேண்டிய இடத்தில், தாளின் சரி நடுவில் வந்து விழுந்தது. மற்றவையும் எங்கள் கோட்டின் மேலேயே போய் உட்கார்ந்தன.

சென்னைக்கு எடுத்தேன். நீங்கள் கேபிளை எவ்வளவு என்று வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"நீங்கதானே மேடம் சொன்னீங்க? எழுபத்தஞ்சான்னு கேட்டேன், ஓம்னீங்க. நான்கூட ரேடியோவுக்கு ஏன் டிவி கேபிள் போடறாங்கன்னு யோசிச்சேன்."

பிழை முழுக்க என்னுடையது. அதை முதலாளியிடம் போய்ச் சொல்லும்போது என் காது சுட்டது. அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது, விளங்கியதும் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். சிங்களத்தில் 'ஒவ்' என்று சொல்லியிருந்தால் இவ்வளவும் வந்திருக்காதே என்றார். பிறகு சிரிப்பை நிறுத்தி, டெக்னீஷியனுடைய தாளை எடுத்துக் கனநேரம் பார்த்தார். "ஹரி. மேக தமய்" என்று அதிலேயே கையெழுத்தைப் போட்டார். சரி, இதுதான். எங்கள் நிறுவனத்தின் மிகப் பெரிய தெரிவு பென்சில் புள்ளிகளுக்குக் கீழே இட்ட கையெழுத்தால்தான் நடந்தது. என் கடிதத்தை டெக்னீஷியன் ஒட்டியபடியே திருப்பித் தந்தார். நான் அதை நாலாகக் கிழித்தேன், அவர் குப்பைக்கூடையை நீட்டினார்.

மென்பொருள் வந்து சேர்ந்தது தனிக்கதை. கணினியின் பின்னால் செருகாவிட்டால் திறக்காத சின்னச் சாவிக்கட்டை ஒன்று கூட வந்தது. இது என்ன செய்யும் என்று சுங்கத்தில் கேட்டார்கள். அன்டெனாவைக் கணிக்கும் என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். அன்டெனா என்ற சொல்லுக்கு அந்த அதிகாரியின் புருவம் போன உயரத்தைப் பார்த்து, முதலாளியையே வரவழைக்க வேண்டியதாயிற்று.

முதல் படகு அன்டெனாவை அதில் வரைந்தோம். கூரைத்தகரம், பாய்மரக் கம்பி, எல்லாவற்றையும் முக்கோணங்களாக்கிக் கொடுத்தால், முனகாமல் கணித்தது. அரை அங்குலம் வெட்டினேன், கால் அங்குலம் கூட்டினேன், ஒன்பது தடவை மாற்றினேன். ஒன்பது தடவையும் டெக்னீஷியன் என் பக்கத்தில் கதிரையில் இருந்தார். எனக்கு அந்தக் கதிரையைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. அந்த இயந்திரத்தைக் கும்பிட வேண்டும் போல இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

கடைசியாக ஒரு தடவை மட்டும் ஏறிச் சரிபார்க்க வேண்டும். படகின் கூரை அளவுக்கு ஒரு தகரத்தையும் ஒட்டி வைத்தோம். அனுமதிக் கடிதத்தை இம்முறை அவருடைய சட்டைப் பைக்குள்ளேயே வைத்தேன்.

"நான் ஏறுறன். நீங்கள் கீழ நில்லுங்கோ" என்றேன்.

"நீங்க ஸ்கிரீனப் பாருங்க மிஸ். ஒரு தடவதானே."

மத்தியானம் இரண்டு மணிக்கு ஏறினார். மேலே கேபிள் உரசுகிற சத்தம் கேட்டது. அவர் வாசிப்புகளைக் கத்திச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். குரல் எப்போதும் போல ஒரே மட்டத்தில் இருந்தது. எழுதின புள்ளிகள் ஒவ்வொன்றும் திரையிலிருந்த கோட்டின் மேல் விழுந்தன. கால் மணித்தியாலத்தில் இறங்கிவிட்டார். நான் திரையைக் காட்டினேன். தலையை ஆட்டினார்.

பிறகு, "மிஸ், ஒரு போன் எடுத்துக்கவா?" என்றார். நாலு வருடத்தில் அவர் அலுவலகத் தொலைபேசியைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவருடைய தொடர்மாடிக்குக் கீழே இருக்கும் கடைக்கு எடுத்தார். சிங்களத்தில் கடைக்காரரிடம் மனைவியைக் கூப்பிடச் சொன்னார். கூப்பிடத் தேவையிருக்கவில்லை போலும், அவள் அங்கேயேதான் நின்றிருக்கிறாள். உடனே கதைத்தார்.

"ஏறி எறங்கிட்டேன்... ஒண்ணும் இல்ல. யாரும் வரல... இல்ல, இனி அப்படி ஏறத் தேவையில்ல. நெசமாத்தான். நீ போயி சாப்புடு."

ரிசீவர் முதல் தடவை சரியாக உட்காரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து மறுபடி வைத்தார். நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்தது.

"ரெண்டரையாகப் போகுது. அவ இன்னும் சாப்பிடேல்லையோ?"

"நான் ஏறுற நாள்ல சாப்புட மாட்டா மிஸ். எறங்கினேன்னு தெரியிற வரைக்கும் கடை வாசல்லதான் நிப்பா. அந்த ரெண்டு நாள் உள்ள இருந்தேனே, அதுக்கு முன்னாடியிருந்தே இப்படித்தான். எனக்கும் அன்னிக்கி சோறு எறங்காது."

"பயமெண்டு ஒரு வார்த்தை எனக்குச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீங்க வேற ஆள ஏத்துவீங்க. கீழ கம்பி வளைக்கிற ரெண்டு பேரும் தமிழ் ஆளுங்கதானே மிஸ். இல்லாட்டி நீங்களே ஏறுவீங்க."

சொல்லிவிட்டு அவர் தன் சோற்றுப் பார்சலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். நான் திரைக்கு முன்னால் அப்படியே இருந்தேன். நாலு வருடமாக அவருடைய கை நடுங்காததைத்தான் பார்த்துப் பார்த்து வியந்திருக்கிறேன். சாப்பிட்டீர்களா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.